அரை மாத்திரை

திரையில் ஒரு புள்ளி இருந்தது. ‘வருகிற’ என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குத் தலைமேல். அழித்தேன், போகவில்லை. எழுத்தையே நீக்கிவிட்டு மறுபடி அடித்தேன். அப்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. எழுத்துரு ஏதோ கோளாறு செய்கிறது என்று நினைத்து, அடுத்த மேசையில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள். துப்பட்டா நுனியால் திரையை ஒரு துடைப்புத் துடைத்தாள். புள்ளி போய்விட்டது.

“தூசி சார்” என்றாள். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. சிரிக்காமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. நான் மூன்று முறை பார்த்து அனுப்பிய கவிதைத் தொகுப்பு ஒன்று அச்சாகி வந்தது. 41ஆம் பக்கத்தில் ‘கண்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கண’ என்று இருந்தது. கவிஞர் நல்ல மனிதர், திட்டவில்லை. “புதுசா ஏதோ முயற்சி பண்ணியிருக்கேன்னு நெனச்சுக்குவாங்க, விடுங்க” என்றார். இல்லாத புள்ளியை அழிக்க மல்லுக்கட்டியவன், இருக்கவேண்டிய புள்ளியைக் கோட்டைவிட்டிருந்தேன்.

மெய்ப்புப் பார்ப்பவனுக்குக் கண், தச்சனுக்கு உளி மாதிரி என்று சொல்லலாமென்று தோன்றும். சரிவராது. உளி மழுங்கினால் தச்சனுக்கு மரத்தில் கைவைத்த உடனே தெரிந்துவிடும். கண் மழுங்கினால், அந்த மழுங்கிய கண்ணைக் கொண்டே அதைக் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது.

எனக்கு அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிவாக்கில் தொடங்கும். முதலில் இமைக்கு உள்ளே மணல் விழுந்த மாதிரி ஓர் அறுவல். அப்புறம் எரிச்சல். ஐந்து மணிக்குக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். எகரம் இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. இந்தக் காலத்துக் கோப்புகளில் அப்படி உட்கார்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஒருநாள் சாயங்காலம் டீக்கடை மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மெட்ராஸ் ஐயா சார்?” என்று கேட்டார். கையில் கொடுக்கிற டம்ளரை அன்றைக்கு மேடைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

*

டாக்டருக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அறை பத்தடி நீளம்தான். எதிர்ச்சுவரில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதற்குள் தெரிகிற எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பலகை எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே, பின்சுவரில், தமிழ் எழுத்துகள் இடம்வலம் மாறித் தொங்கிக்கொண்டிருந்தன. பார்வையைச் சோதிக்க ஆறு மீட்டர் தூரம் வேண்டும். வாடகைக் கட்டடத்தில் அவ்வளவு நீள அறைக்கு எங்கே போவது? கண்ணாடியை எதிரே வைத்துவிட்டால் பார்வை போகிற தூரமும் திரும்புகிற தூரமும் சேர்ந்து கணக்கு சரியாகிவிடும் என்றார். இடம்வலம் மாறிய தமிழ் எழுத்தைப் பார்த்து எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கொஞ்சநேரம் கழுத்தைத் திருப்பியபடியே இருந்தேன்.

பிறகு அவருடைய மேசைக் கணினியைத் திருப்பி வைத்து, ஏதோ ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பழக்கதோஷம், பிழை தேட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு இருந்தன. ஒரு நிமிஷம் ஆனதும், “போதும் சார்” என்றார். “நீங்க படிக்கறப்ப நான் எண்ணிட்டிருந்தேன். ஆறு தடவ இமைச்சீங்க. அதுலயும் மூணு பாதிதான். மேல் இமை கீழ வந்து தொடவே இல்ல, வழியிலயே திரும்பிப் போயிடுச்சு.”

சும்மா இருக்கும்போது மனிதன் நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிறான். ஒன்றில் கருத்தூன்றிவிட்டால் அது பாதியாக, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கணினிதான் என்றில்லை, ஊசியில் நூல் கோத்தாலும் அப்படித்தான். ஆனால் யாரும் ஒன்பது மணிநேரம் ஊசியில் நூல் கோப்பதில்லை.

“கண்ணுல தண்ணியா வடியுதுன்னுதானே டாக்டர் வந்தேன்?”

“அது வறட்சி சார். வறண்டு எரியுது, அந்த எரிச்சல்லதான் தண்ணி கொட்டுது.”

ஆரஞ்சு நிறச் சாயம் நனைத்த காகித நுனியால் இமையின் உட்புறத்தைத் தொட்டார். நீல விளக்கைப் போட்டு, “இப்ப இமைக்காதீங்க” என்று சொல்லி எண்ண ஆரம்பித்தார். கண்மணிமேல் படிந்திருக்கிற ஈரப்படலம் எத்தனை வினாடி உடையாமல் தாங்குகிறது என்கிற கணக்கு. பத்து வினாடியாவது தாங்க வேண்டும். எனக்கு நான்கில் உடைந்துவிட்டது. ஏரி வற்றினதும் வண்டல் பாளம்பாளமாக வெடிக்குமே, அந்த மாதிரி கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன என்றார்.

அந்தப் படலம் வெறும் தண்ணீர் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடியில் வழவழப்பான ஒரு சவ்வு, நடுவில் நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நீர் காற்றில் போய்விடாமல் மூடிவைப்பது அந்த எண்ணெய். அதைச் சுரக்கிற சுரப்பிகள் இமை விளிம்பில், மயிர்க்கால்களுக்கு உட்புறமாக, சீப்புப் பல் போல வரிசையாக நிற்கின்றன. மேல் இமையில் முப்பது சொச்சம், கீழே கொஞ்சம் குறைவு. 1666இல் ஹைன்ரிஹ் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் அவற்றை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். இரண்டு இமைகளும் வந்து தொட்டு அழுத்தினால்தான் அவை எண்ணெயை விடும். பாதியில் திரும்புகிற இமை எண்ணெயும் விடாது, இருக்கிற ஈரத்தைக் கீழே வரை இழுத்துத் தேய்க்கவும் செய்யாது. வாசல் தெளிக்க வந்தவள் பாதி வாசலோடு திரும்பிப் போன கதை.

டாக்டர் சீட்டில் சொட்டு மருந்து ஒன்று எழுதினார். கண்ணீருக்குப் பதில் கண்ணீர், வேறொன்றும் இல்லை. காலையில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து நிமிஷம் வைக்கச் சொன்னார், உறைந்த எண்ணெய் இளகுவதற்கு. நான் வேறு எதையோ எதிர்பார்த்தவன் போல நின்றுகொண்டிருந்தேன்.

“மாத்திரை எதுவும் எழுதலையா டாக்டர்?”

“மாத்திரையெல்லாம் வேணாம் சார். முழுசா இமைங்க, போதும்.”

*

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. மாத்திரை என்றாலே இமைப்பதுதானே?

தொல்காப்பியம் நூன்மரபில் எழுத்துக்கு அளவு சொல்லும்போது, மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்று சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் எத்தனையோ இலக்கண நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூத்திரத்தில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அதில் ஒரு கண் இருப்பதை ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.

நன்னூலில் பவணந்தி இன்னும் கறாரானவர். வெறும் இமை என்று விடாமல், மனிதருக்கு இயல்பாக எழுகிற இமைப்பு என்று நிபந்தனை போடுகிறார். வேண்டுமென்றே கண்ணைச் சிமிட்டினால் கணக்கில் வராது. ‘இயல்பாக’ என்பது புரிகிறது. எதற்காக ‘மனிதருக்கு’? இலக்கணக்காரர்கள் ஒரு சொல்லைச் சும்மா போடமாட்டார்கள். இமைக்காதவர்கள் என்று ஒரு கூட்டம் இந்த மொழியில் நடமாடிக்கொண்டிருந்தது. தேவர்களுக்கு இமையவர் என்று பெயர். இமைக்காதவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். புகழேந்தியின் நளவெண்பாவில், தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன் முதலான நால்வரும் நளன் வேஷத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்து நளன். அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? ஒருவனுக்குத்தான் கண் இமைக்கிறது. ஒருவனுக்குத்தான் மாலை வாடுகிறது, கால் தரையில் பாவுகிறது. எந்தத் தேவனிடமும் இல்லாத அந்தக் குறைகளை அடையாளம் வைத்து மாலை போடுகிறாள்.

நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் உயரமானது, கால் முழுதாகத் தரையில் பாவாது. மூன்றில் இரண்டு தேறிவிட்டது என்று பேருந்திலேயே சிரித்துக்கொண்டேன்.

இமைக்காமல் இருப்பதை நாம் எவ்வளவு கொண்டாடியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மதுரையில் அம்மனுக்கே மீன் பெயர். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று ஒரு நம்பிக்கை, அந்த மாதிரி ஊரைக் கண்கொட்டாமல் காக்கிறவள். குறளில் 1129ஆம் பாட்டில் ஒரு பெண், கண்ணை மூடினால் உள்ளே இருக்கிற காதலன் மறைந்துவிடுவான் என்று இமைக்காமலே இருக்கிறாள். அது தெரியாத ஊரார் அவன்மேல் பழி சொல்கிறார்கள். பிள்ளையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டாள் என்றால் அவள் நல்ல தாய். இமைகொட்டாமல் வேலை பார்க்கிறான் என்றால் அவனுக்குச் சம்பளம் கூடுகிறதோ இல்லையோ, நல்ல பெயர் கிடைக்கும். தெய்வம், தாய், காதலி, குமாஸ்தா எல்லாரும் ஒரு பக்கம். இமைப்பின் பக்கம் நின்றவர்கள் இலக்கணக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது; அதை அவர்கள் களைத்துப்போகிற உடம்பிலிருந்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்குப் பதினைந்து என்று வைத்தால் ஒன்பது மணிநேரத்துக்கு 8,100. என் ஆறின்படி 3,240. ஒரு நாளைக்கு 4,860 மாத்திரை பாக்கி. இமைத்ததிலும் பாதி அரை மாத்திரை, மெய்யெழுத்துகள்.

*

இடம்வலம் மாறிய எழுத்தைப் பார்த்து நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? 1988இல் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் காலி புரூஃபைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையனாக வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அச்சுக்கோத்த அண்ணாச்சிக்கு அறுபதை நெருங்கிய வயது. கேஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி வைப்பார். எழுத்து தலைகீழாக, இடம்வலம் மாறி நிற்கும். எங்களுக்கெல்லாம் கண்ணாடி வேண்டும். அவர் ஸ்டிக்கைப் பார்த்தே நேராக வாசிப்பதைப் போல வாசித்துக்கொண்டு போவார். அரசாங்கம் 1978இல் ‘லை’யையும் ‘னை’யையும் சீர்திருத்திப் பத்து வருஷம் ஆகியும் பழைய தும்பிக்கை வைத்த எழுத்துகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு கேஸில் தனியாக வைத்திருந்தார்.

ஒரு பக்கம் முடிந்ததும் ஸ்டிக்கை வைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார். அங்கே வயல். வயலுக்கு அப்பால் மேகம் இல்லாத நாளில் மேற்கே மலை ஒரு நீலக்கோடாகத் தெரியும். முதலாளி கேட்டால் வெற்றிலை துப்பப் போனேன் என்பார். உண்மையில் பாதி நாள் வாயில் வெற்றிலையே இருக்காது. ஒருதடவை நான் அவர் பின்னாலேயே போய்விட்டேன். நிலைப்படியில் கைவைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். “ராத்திரி கண்ண மூடுனா ஞானாவும் ழானாவும் வரிசகட்டி வருது தம்பி. கூரையிலகூட கம்போஸ் ஆவுது. கொஞ்சம் மலையப் பாத்துட்டுப் போனாத்தான் அழியுது” என்றார்.

இதைப் பல வருஷம் கழித்து வேறு ஒருவர் சொல்லிப் படித்தேன். பெர்னார்தினோ ராமாஸ்ஸினி, இத்தாலிய மருத்துவர். தொழிலாளருக்கு வருகிற நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் விரித்து எழுதியவர். எந்த நோயாளியிடமும் மருத்துவன் ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று கேட்டாக வேண்டும் என்று வற்புறுத்தியவர். அச்சுக்கோப்பவர்கள் பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகும் எழுத்துகளின் உருவம் கண்ணிலேயே நிற்கிறது, இரவிலும் விடுவதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். நுணுக்கமான வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது வேலையிலிருந்து கண்ணை எடுத்து வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர் சொன்ன வைத்தியம். அண்ணாச்சி இத்தாலிக்கும் போகவில்லை, ராமாஸ்ஸினி வெற்றிலை போட்டதற்கும் சான்று இல்லை.

பழைய அச்சகத்தைப் புகழ வேண்டியதில்லை. ஈயத்தூள், மண்ணெண்ணெய் நாற்றம், நின்று நின்று நரம்பு சுருட்டிய கால்கள். ஆனால் அந்த வேலையில் ஓட்டைகள் இருந்தன. புரூஃப் அடிக்க வேண்டும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மை காயும்வரை நிற்க வேண்டும், டிரெடில் ஓடும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். மெய்ப்புத் தாள் மேசைமேல் கிடக்கும். குனிந்து பார்ப்பதால் இமை பாதிக் கண்ணை மூடித்தான் இருக்கும். கணினி வந்து ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டது. எழுத்தும் திருத்தமும் பக்கமும் அட்டையும் கடிதமும் ஒரே சட்டத்துக்குள், ஒரே தூரத்தில். 2012வாக்கில் மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது நாங்கள் வசைபாடாத நாள் இல்லை. யுபிஎஸ் கீங்கீங் என்று கத்தும், எல்லாவற்றையும் சேமித்து அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். அந்த இரண்டு வருஷமும் எனக்குக் கண் எரிந்ததாக ஞாபகம் இல்லை. மின்வாரியத்துக்கு நன்றி சொல்கிற முதல் கட்டுரை இதுவாகத்தான் இருக்கும்.

*

டாக்டர் சொன்னதில் எனக்கு மிகவும் சங்கடமானது லெக்சிகன் விஷயம். என் திரை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் இரண்டு தொகுதிகள்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. கழுத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி வைத்தது. திரை கண்ணுக்கு நேராகவோ உயரமாகவோ இருந்தால் இமை அகல விரிந்துவிடுகிறது. அத்தனை பரப்பும் காற்றில் காய்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், பார்வை கொஞ்சம் தாழ்ந்து விழ வேண்டும். தொகுதிகளை உருவி எடுத்தேன். அட்டையில் திரைப்பீடத்தின் கால்தடம் நான்கு பள்ளமாகப் பதிந்திருந்தது. அவற்றை அலமாரியில் வைத்தபோது மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

அடுத்தது மூக்குக்கண்ணாடி. எனக்கு ஒரே கண்ணாடியில் மேலே தூரம், கீழே படிப்பு. திரையோ இரண்டுக்கும் நடுவில், கைநீட்டினால் விரல்நுனி தொடுகிற தூரத்தில். அதனால் நான் நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி. கழுத்துவலி லெக்சிகனால் போகாததன் காரணம் அதுதான். படிப்புக்கு இரண்டேகால் பவர் இருந்தால் திரைக்கு ஒன்றேகால் போதும் என்று தனியாக ஒன்று எழுதிக்கொடுத்தார். கோழி அன்றோடு போயிற்று.

மற்றவை சில்லறை. முகத்துக்கு நேரே காற்றடித்த மேசைவிசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். எழுத்தை 150 சதவீதம் பெரிதாக்கினேன். நூறிலேயே படிப்பேன் என்பது வயதை ஒத்துக்கொள்ளாத வீம்பு. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்து, திரை விளக்குப் போல எரியாமலும் சாம்பல் பூக்காமலும் தாள் மாதிரியே தெரிகிறவரை வெளிச்சத்தைக் குறைத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு இதம் என்றார்கள். இருளில் பாவை விரிவதால் எழுத்தின் ஓரம் கசிகிறது; என் கண்ணுக்கு ஒவ்வொரு மெய்யெழுத்தின் புள்ளியும் ஒளிவட்டத்தோடு கார்த்திகை விளக்காகத் தெரிந்தது. இரண்டே நாளில் விட்டுவிட்டேன். பிறருக்குச் சரிப்படலாம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் எண்ணூறு ரூபாய் வீணாகிவிடும். டாக்டரிடம் போவதற்கு முன்பே ஒரு கடையில் தலையில் கட்டிவிட்டார்கள். லேசான மஞ்சள் சாயை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாவலின் அட்டை வண்ணத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தேன். அச்சுக்குப் போவதற்குள் அந்தப் பெண் பிடித்துவிட்டாள்: வெள்ளை வேட்டி என்று நான் ஒப்புக்கொண்டது இளநீலமாக இருந்தது. எரிச்சலும் குறையவில்லை. 2023இல் காக்ரேன் அமைப்பு இந்தக் கண்ணாடிகளைப் பற்றி நடந்த பதினேழு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் அசதியை இவை குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் கண்ணாடி இப்போது மேசை டிராயரில் பழைய ரப்பர் ஸ்டாம்புகளோடு கிடக்கிறது.

மருந்துக்கடையில் ‘கண் சிவப்புக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்குவதை மட்டும் யாரும் செய்யவேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல்நாள் சொர்க்கமாக இருக்கும். மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பையே தின்றுவிடும், புரையும் விழும்.

என் அம்மாவின் வைத்தியம் நந்தியாவட்டைப் பூ. விடியற்காலையில் பறித்து ஈரத்தோடு இமைமேல் வைத்துவிட்டு, விழும்வரை எழுந்திருக்கக்கூடாது என்பாள். பூவில் என்ன சத்து இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, சாற்றைக் கண்ணுக்குள் விடுகிறவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. ஆனால் இமைமேல் ஒரு பூ இருந்தால் கண்ணைத் திறக்க முடியாது. அந்தச் சூழ்ச்சி இப்போதுதான் புரிகிறது. பத்து நிமிஷம் சும்மா கண்ணை மூடிக்கொண்டு படு என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

*

ஒருநாள் சாயங்காலம் அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே, “சார், இப்பல்லாம் ஆறு மணிக்கு வெளிய போனா பஸ் நம்பர் தெரிய மாட்டேங்குது. காலையில நல்லாத் தெரியுது” என்றாள். அவளுக்கு இருபத்துநான்கு வயது. என் கண்ணுக்கு வந்தது வேறு, அவள் கண்ணுக்கு வந்தது வேறு.

கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது அது தளர்ந்து கிடக்கும். பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் அது இறுகிச் சுருங்க வேண்டும். அப்போதுதான் வில்லை உருண்டு திரளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விளக்கினார். நாம் நினைப்பதற்கு நேர் எதிர். எட்டிப் பார்ப்பதுதான் கஷ்டம், கிட்டத்தில் பார்ப்பது சுலபம் என்றல்லவா நினைக்கிறோம்? கண்ணுக்குத் தூரம்தான் திண்ணை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் அது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நாளெல்லாம் அப்படி நின்ற தசை, சாயங்காலம் இறக்கி வை என்றால் உடனே இறக்குவதில்லை; பேருந்து போன பிறகு இறக்குகிறது. என் வயதில் வில்லை கெட்டிப்பட்டுவிட்டது, தசை எவ்வளவு இழுத்தாலும் வளையாது. அந்த வேலையை மூக்குக்கண்ணாடி பார்த்துக்கொள்கிறது. எனக்கு வேண்டியது இமைப்பு. அவளுக்கு வேண்டியது தூரம். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு, “இருபது நிமிஷத்துக்கு ஒருதடவ, இருபதடி தள்ளி, இருபது செகண்டு பாக்கணுமாம் சார்” என்றாள்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற பார்வை வல்லுநர் 1990களில் சொல்லிப் பரவிய வாய்பாடு. இருபது என்ற எண்ணில் மந்திரம் இல்லை, மறக்காமல் இருப்பதற்காக. ஆனால் திருவல்லிக்கேணியில் இருபதடிக்கு எங்கே போவது? எங்கள் மாடியறை பன்னிரண்டுக்குப் பத்து. தச்சர் விட்டுப்போன டேப்பை வைத்து மூலைவிட்டமாக அளந்தோம், பதினைந்தரை. அவள் மேசைக்கு நேரே இருந்தது சுவர், நான்கடியில். வலதுபக்கம் ஒரே ஒரு ஜன்னல் உண்டு, தெருவைப் பார்த்து. அதைப் பார்க்க வேண்டுமானால் நாற்காலியைத் தள்ளி, எழுந்து, அட்டைப்பெட்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை யார் போவார்கள்? அண்ணாச்சிக்காவது வெற்றிலை என்று ஒரு சாக்கு இருந்தது.

டாக்டருடைய அறைக் கண்ணாடி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த சந்தில் மூடிவிட்ட சலூன் ஒன்றின் கண்ணாடியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிவந்தேன். ஓரத்தில் ரசம் கொஞ்சம் போயிருந்தது. எங்கள் மேசைகளுக்கு முன்னால், திரைக்குப் பக்கத்துச் சுவரில், சற்றுக் கோணலாக ஆணியடித்து மாட்டினோம். மூன்று தடவை கழற்றி மாட்டிய பிறகு ஜன்னல் அதற்குள் வந்தது, ஜன்னலோடு தெருவும். சுவர் நான்கடியில்தான் இருக்கிறது, ஆனால் அதற்குள் தெரிகிற மின்கம்பம் கண்ணுக்கு முப்பதடி தூரம். கண்ணாடியின் பரப்பைப் பார்த்தால் பலன் இல்லை, உள்ளே தெரிகிறதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். “தெரியும் சார்” என்றாள்.

இப்போது இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் செல்பேசி மெல்ல ஒரு மணியடிக்கிறது. இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டு நிமிர்கிறோம். நான் இமைகளை மூடி, இரண்டு வினாடி அப்படியே வைத்து, பிறகு திறக்கிறேன். மூன்று நான்கு முறை. அவள் வெறுமனே பார்க்கிறாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஓர் அம்மாள் கூழ்வற்றல் பிழிந்துவிட்டுக் காக்கைக்குக் காவல் இருக்கிறார், கறுப்புக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு. காக்கை நீர்த்தொட்டிமேல் உட்கார்ந்து அவரையே பார்க்கிறது. அவர் கண் அயர்கிறபோது ஓரடி இறங்கி வருகிறது. அந்த அம்மாளுக்குத் தூக்கம் வந்துவிடக் கூடாதே என்று நாங்கள் இரண்டு பேரும் இருபது வினாடியும் கவலைப்படுகிறோம். ஆட்டோ ஒன்று வலமிருந்து இடமாகப் போகிறது, உண்மையில் இடமிருந்து வலம்.

போன வாரம் மின்கம்பத்துக்கு அடுத்தாற்போல் புதிதாக ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, எங்களுக்கு இடம்வலம் மாறித் தெரிகிறது. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியாக இருந்தால் ஒரே பார்வையில் வாசித்திருப்பார்.

“மளிகை கடை” என்று வாசித்தாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “சார், க் விட்டுட்டாங்க” என்றாள்.

இமைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். விட்டுத்தான் இருந்தார்கள். முப்பதடி தூரம், அதுவும் கண்ணாடிக்குள். சிவப்புப் பேனா எட்டாது.